ஸ்டெர்ன்டிரைவ் படகுக்குள் தண்ணீர்: பெல்லோஸ் மாற்றத்தான் வேண்டுமா?

மே 22, 2023 (வாசகர் கேள்வி)

1997 ஆம் ஆண்டுப் படகு, 19 அடி. ஸ்டெர்ன்டிரைவ் வகை: 4.3 லீற்றர் வி6 எஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் மெர்க்குரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ் வெளியே பின்னால். போன கோடையில் பழையதாக வாங்கினேன். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், கெசிக் பக்கம் கட்டியிருக்கிறோம். ஓடிவிட்டு வந்து கட்டினால் பில்ஜ் (படகின் அடிக்குழி) பம்ப் கொஞ்ச நேரம் விடாமல் தண்ணீரைத் தள்ளுகிறது. அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. டிரைவ் ஒயிலையும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், பால் தேத்தண்ணி நிறம். ஒரு கடையில் கேட்டதற்கு, படகைப் பார்க்காமலே, "பெல்லோஸ் போய்விட்டது, எல்லாம் மாற்ற 1,900 டொலர்" என்றார்கள். ஸ்டெர்ன்டிரைவில் தண்ணீர் வந்தால் பெல்லோஸ்தான் என்று கூட்டாளிகளும் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?

மே 22, இரவு

இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் படகுக்கு ஒரு வருத்தம் இல்லை, இரண்டு. படகுக்குள் வரும் தண்ணீர் ஒன்று. கியர் ஒயிலுக்குள் போகும் தண்ணீர் இன்னொன்று. வழி வேறு, சீல் வேறு, செலவும் வேறு. பெல்லோஸ் என்பது டிரைவுக்கும் பின்பலகைக்கும் (படகின் பின்சுவர்) நடுவில் இருக்கும் மடிப்பு ரப்பர். அது ஓட்டையானால் படகுக்குள் தண்ணீர் வரும், உள்ளே சுழலும் தண்டின் மூட்டான யூ-ஜாயின்ட் துருப்பிடிக்கும், அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பெயரிங் உறுமத் தொடங்கும். ஒயில் பாலாவதற்குப் பெரும்பாலும் அது காரணம் இல்லை.

அப்புறம், விடையில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. ஓடினால் தண்ணீர், சும்மா கட்டிக் கிடந்தால் இல்லை என்கிறீர்கள். பெல்லோஸ் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் சாமான். ஓட்டையான பெல்லோஸ் வார நாளில் லீவு எடுக்காது.

மே 23

பெல்லோஸ் என்று ஒருமையில் பேசுவதும் குழப்பம்தான். ஆல்ஃபாவில் மூன்று இருக்கின்றன. பெரியது யூ-ஜாயின்டைச் சுற்றி. அதற்குக் கீழே எக்ஸோஸ்ட் பெல்லோஸ். அது கிழிந்தால் சத்தம் மாறும், படகு மூழ்காது, ஏனென்றால் அதற்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு திறந்த குழாயைப் போட்டு ஓடுகிறார்கள். மூன்றாவது, கியர் கேபிளைச் சுற்றியிருக்கும் சின்னது. பார்த்தால் அப்பாவி. அது கிழிந்தால் தண்ணீர் நேரே படகுக்குள் வரும், இடையில் தடுக்க எதுவும் இல்லை. பெரிய பெல்லோஸை மாற்றும்போது இதைத் தொடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கடைக்காரர் "எல்லாம்" என்று சொன்னதில் இதுவும் சேர்த்தியா என்று கேளுங்கள்.

கேபிளிலேயே இன்னொரு குறும்பு உண்டு. அதன் வெளித்தோல் வெடித்திருந்தால் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து வந்து எஞ்சின் பக்கத்து நுனியில் சொட்டும். பெல்லோஸ் புதிது, கிளாம்ப் புதிது, ஆனாலும் சொட்டும்.

மே 24

"எப்படிக் கண்டுபிடிப்பது, சும்மா தத்துவம் பேசாமல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

எங்கே கசிகிறது என்று தேடாதீர்கள். எப்போது கசிகிறது என்று பாருங்கள், இடம் தானாக வரும். முதலில் பில்ஜை எலும்பு தெரியத் துடையுங்கள். ஸ்பஞ்ச், பிறகு துணி, பிறகு பேப்பர் டவல். எஞ்சினுக்குக் கீழே, பின்பலகையின் உட்பக்கம், ஸ்டியரிங் லீவருக்கு அடியில் எல்லாம் உலர்ந்த டவலைப் பரப்புங்கள். டிரெயின் பிளக்கையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அதன் ரப்பர் தேய்ந்ததற்காக எஞ்சினைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படகை ட்ரெய்லரில் வைத்து, டிரைவின் தண்ணீர் வாயில் மஃப் (ஹோஸை இணைக்கும் ரப்பர்க் கிண்ணம்) மாட்டி, ஹோஸில் தண்ணீர் விட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். இப்போது டவல் நனைந்தால் டிரைவின் வெளிச் சீல்களுக்கும் பெல்லோஸுக்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் பக்கத்துக் குழாய்கள், பம்ப், பவர் ஸ்டியரிங் கூலர், மனிஃபோல்ட் என்று தேட வேண்டும். உலர்ந்தே இருந்தால், ட்ரெய்லரோடு படகை ராம்பில் (படகு இறக்கும் சரிவில்) தண்ணீருக்குள் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சும்மா வைத்திருங்கள். அரை மணி நேரமாவது வேண்டும். இந்த நேரத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், டிரிம்மை (டிரைவின் சாய்வை) மேலும் கீழும் போடுங்கள். நேராக நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு மடிப்பு விரிந்தால்தான் வாய் திறக்கும். இதில் நனைந்தால் பெல்லோஸ், கேபிள் பெல்லோஸ், பின்பலகை சீல் மூன்றின் மேலும் சந்தேகப்படலாம்.

இரண்டிலும் நனையவில்லை என்றால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் எஞ்சின் மூடியைத் திறந்து டோர்ச்சோடு உட்கார வேண்டும். தொளதொளச் சட்டை, சால்வை, நீண்ட முடி எதுவும் பெல்ட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது.

மே 24, சற்றுப் பிறகு

முக்கியமானதை விட்டுவிட்டேனே என்று திரும்பி வந்தேன். பெட்ரோல் எஞ்சின். மூடியைத் திறந்து மூக்கால் ஒரு தரம் பாருங்கள், எஞ்சின் அறை ஆவியை வெளியேற்றும் ப்ளோவரை நாலைந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீர் தேடப்போய் நெருப்பில் முடியக் கூடாது.

ஜூன் 4

எங்கள் கேள்விக்காரர் சோதித்துவிட்டு வந்திருக்கிறார். ஹோஸில் ஓட்டினால் உலர்வு. ராம்பில் நின்றாலும் உலர்வு. ஏரியில் வேகம் பிடித்ததும் டவல் ஊறிவிட்டதாம்.

அப்படியானால் 1,900 டொலர் பொக்கற்றிலேயே இருக்கட்டும். பிளேனில் ஏறியதும், அதாவது வேகத்தில் படகு எழும்பி நீரின் மேல் வழுக்கத் தொடங்கியதும், தண்ணீர் பின்பலகையை விட்டு விலகிவிடும், அந்த நேரம் பெல்லோஸ் மீது தெறிப்புத்தான் படும். வேகத்தில் மட்டும் தண்ணீர் வருகிறதென்றால் ஏதோ ஒன்று அதை அழுத்தித் தள்ளுகிறது.

எனக்கு உடனே ஞாபகம் வருவது ஸ்டியரிங் தண்டின் சீல். டிரைவைத் திருப்பும் தண்டு கிம்பல் ஹவுசிங்கின் (டிரைவைத் தாங்கிப் பின்பலகையில் பூட்டிய கூடு) உச்சியால் படகுக்குள் வருகிறது. அங்கே ஒரு புஷ்ஷும் சீலும் இருக்கின்றன. என் படகில் போனது அதுதான். ஒரு கடையில் மூன்று பெல்லோஸையும் மாற்றினார்கள், காசையும் வாங்கினார்கள், தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பின்னுக்கு எடுக்கும்போதும் கூர்மையாகத் திருப்பும்போதும் கூடும். கடைசியில் காட்டிக் கொடுத்தது ஸ்டியரிங் லீவருக்கு அடியிலிருந்து உட்தகட்டில் இறங்கியிருந்த துருக்கோடு. வருடக்கணக்காக அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் வெளியே குந்தியிருந்து ரப்பரைத்தான் பார்த்தார்கள்.

அதைத் திருத்த முறைப்படி எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல், கிம்பல் ஹவுசிங்கில் வெளியிலிருந்து துளை போட்டு லீவரின் போல்ட்டை எட்டிப் பிடித்து, பிறகு மரை போட்ட மூடியால் அடைக்கும் வழியும் இருக்கிறது. அதற்கென்று கிட் விற்கிறார்கள். நான் எஞ்சினை எடுத்தேன், பின்பலகை மரம் உக்கியிருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீர் என்னும், உக்கியது தொம்மென்னும்.

ஜூன் 4, இரவு

ஒரு கேள்வி. உங்கள் ஸ்பீடோமீற்றர் வேலை செய்கிறதா?

ஜூன் 5

"இல்லை, வாங்கிய நாளிலிருந்தே முள் அசையவில்லை, ஜிபிஎஸ் இருப்பதால் கவலைப்படவில்லை" என்கிறார்.

ஏன் கேட்டேன் என்றால், ஜென் 2 டிரைவின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஓடும்போது தண்ணீர் அதற்குள் மோதி உண்டாகும் அழுத்தம்தான் மெல்லிய ஹோஸ் ஒன்றின் வழியாக டாஷ்போர்டுக்குப் போய் முள்ளைத் தள்ளுகிறது. அந்த ஹோஸ் பின்பலகையைத் தாண்டிப் படகுக்குள்ளால்தான் போகிறது. உள்ளே எங்காவது அறுந்திருந்தால் முள்ளுக்குப் போக வேண்டிய தண்ணீர் பில்ஜுக்குப் போகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அங்கே உருவாகும் அழுத்தம் கிட்டத்தட்ட 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்ட்). நின்றால் அந்தத் தள்ளு இல்லை, உள்ளே உயரமாகத் தூக்கிக் கட்டிய ஹோஸில் தண்ணீர் ஏறாது. உங்கள் அறிகுறிகள் அத்தனையும் இதற்குப் பொருந்துகின்றன.

உறுதியாகச் சொல்லவில்லை. ஸ்டியரிங் லீவருக்கு அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜூன் 11

துரு இல்லை. ஹோஸ்தான். எஞ்சினுக்கு இடப்பக்கம் எக்ஸோஸ்ட் சூட்டில் காய்ந்து, தொட்டதும் ஒடிந்ததாம். இரண்டு டொலர் இணைப்பியும் ஒரு துண்டு ஹோஸும் போட்டிருக்கிறார். ஸ்பீடோமீற்றர் தேவையில்லை என்றால் பின்பலகைக்குக் கிட்ட அடைத்தும் விடலாம், ஆனால் அடைப்பது இறுக்கமாக, கிளிப்போடு இருக்க வேண்டும். டேப் சுற்றினால் போதுமா என்று கேட்டவருக்குப் பதில்: போதாது.

"ஜிபிஎஸ் வேகத்தை விட முள் அதிகமாகக் காட்டுகிறது, அதனால் வேகம் கூடிவிட்டதா" என்று இன்னொருவர். உங்கள் படகுக்கு வாழ்த்துகள்.

ஜூன் 18

இனிப் பாலுக்கு வருவோம். டவல் உலர்ந்ததும் எல்லாரும் ஒயிலை மறந்துவிட்டீர்கள். ஒன்றில் வென்றால் மற்றதும் சரியாகிவிட்டது போல ஒரு நினைப்பு வரும். ஒயிலுக்குள் தண்ணீரோடு ஓடினால் கியரும் பெயரிங்கும் போகும், அந்தச் செலவுக்கு முன்னால் 1,900 டொலர் மலிவு.

படகை இரவு முழுக்க அசையாமல் விட்டு, காலையில் டிரைவின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலை விடப் பாரம், தனியாகப் பிரிந்திருந்தால் அதுதான் முதலில் வரும். எவ்வளவு வருகிறது என்று ஒரு தெளிவான போத்தலில் பிடியுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயில் போத்தலையும் பாருங்கள். அதில் மட்டம் இறங்கினால் ஒயில் எங்கோ வெளியேறுகிறது. யாரும் ஊற்றாமல் ஏறினால் தண்ணீர் உள்ளே போகிறது.

ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். தண்டைச் சுற்றி மீன்பிடி நைலோன் நூல் சுருண்டிருக்கிறதா? சிம்கோவில் மீன் பிடிக்கிற ஆட்களின் எண்ணிக்கைக்கு, இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நூல் சுருண்டு உருகி சீலின் உதட்டை அறுத்துவிடும்.

பிறகு அழுத்தச் சோதனை. ஒயிலை வடித்துவிட்டு, வென்ட் துளையில் ஒரு கேஜும் கைப்பம்பும் மாட்டி முதலில் 3 பிஎஸ்ஐ, பிறகு 10. எடுத்தவுடன் பத்துக்குப் போகாதீர்கள். சில சீல்கள் அழுத்தம் கூடினால் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும், குறைந்த அழுத்தத்தில்தான் கசியும். ப்ரொப்பெல்லர் தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வருகிற இடம்தான் விடை.

ஜூன் 19

"10 பிஎஸ்ஐ அசையாமல் நிற்கிறது, ஆனாலும் தண்ணீர் போகிறது" என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். மந்திரம் ஒன்றும் இல்லை. ப்ரொப்பெல்லர் தண்டில் இரண்டு சீல்கள் முதுகுக்கு முதுகாக நிற்கின்றன. உள்ளே இருப்பது ஒயிலை வெளியே விடாது, வெளியே இருப்பது தண்ணீரை உள்ளே விடாது. அழுத்தம் கொடுத்தால் முதலாமவரைத்தான் சோதிக்கிறீர்கள். இரண்டாமவரைச் சோதிக்க வெற்றிடம் இழுக்க வேண்டும். சூடான டிரைவ் குளிர்ந்த ஏரியில் ஆறும்போது உள்ளே இருக்கும் காற்றும் ஒயிலும் சுருங்கித் தண்ணீரை இழுப்பதும் இதே போலத்தான்.

ஆல்ஃபாவில் இன்னோர் இடம், தண்ணீர் பம்பின் அடித்தட்டில் இருக்கும் சீல்கள். பம்ப் கீழ்ப் பகுதியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, தண்டு அதற்குள்ளால் போகிறது. இம்பெல்லர் மாற்றும்போதே அந்தச் சீல்களையும் மாற்றிவிடுங்கள். இது ஆல்ஃபாவுக்கு மட்டும். மெர்க்குரூசரின் இன்னொரு டிரைவான பிராவோவில் பம்ப் எஞ்சினில் இருக்கிறது.

வடிக்கும் ஸ்க்ரூ, வென்ட் ஸ்க்ரூ இரண்டுக்கும் ஒவ்வொரு தடவையும் புது வாஷர். சில சதங்கள்தான். சீல் எல்லாம் மாற்றிவிட்டுப் பழைய நசுங்கிய வாஷரைத் திரும்பப் போடுகிறவர்களை என்ன சொல்வது.

ஜூலை 2

ஒஸ்லோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடையது வொல்வோ பென்ரா, உப்புத் தண்ணீர். அவர் சொல்வது: பெல்லோஸையும் ஒயிலையும் இப்படிக் கத்தரித்துப் பிரிக்க முடியாது. அவருக்குப் பெல்லோஸ் கிழிந்து, உள்ளே நிரம்பிய தண்ணீரில் யூ-ஜாயின்ட் பக்கத்துத் தண்டு துருப்பிடித்து, அந்தத் துரு சீலைத் தின்று, அதன் வழியே ஒயிலுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது.

நியாயம். அதனால்தான் மேலே "பெரும்பாலும்" போட்டேன். அது நாட்பட்ட நோயின் கடைசிக் கட்டம். முதல் கட்டத்தில் இரண்டும் தனித்தனி.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது இல்லை, ஆனால் நல்ல தண்ணீரில் ஓடுகிற நாங்கள் மறந்துவிடுவது. உப்பில் அலுமினியம் குழி விழும். பெல்லோஸ் வந்து உட்காரும் விளிம்பில் குழி விழுந்தால், ரப்பர் புதிதாக இருந்தாலும் கிளாம்புக்கு அடியால் தண்ணீர் வரும். அந்த விளிம்பைப் பளபளவென்று சுரண்டிச் சுத்தம் செய்யாமல் பசை பூசி என்ன பயன்? வொல்வோ கையேடு பெல்லோஸை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. நோர்வேக்காரர்கள் அதைச் செய்கிறார்கள் என்கிறார். எங்கள் ஆட்கள் எண்ணெய் மாற்றினாலே பெரிய காரியம்.

ஜூலை 3

"இந்தச் சிக்கலான சாமானை யார் கண்டுபிடித்தது, அவனைப் பிடித்துத் தாருங்கள்" என்று ஒருவர். வொல்வோ பென்ரா 1959 இல் அக்குவாமற்றிக் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னால் இருந்தவர் ஜிம் வின், முன்பு மெர்க்குரியில் வேலை பார்த்த அமெரிக்கர். மெர்க்குரூசர் 1961 இல் வந்தது. எஞ்சின் உள்ளே, டிரைவ் வெளியே, நடுவில் பின்பலகையில் பெரிய ஓட்டை, அந்த ஓட்டைக்கு ரப்பர். என் மாமாவுக்கு இதை விளக்கியபோது, வல்வெட்டித்துறையில் அவுட்போர்ட் மாட்டிக் கடலுக்குப் போன மனிதர், "ஓட்டையைப் போட்டு விக்கிறாங்கள், நீயும் வாங்கியிருக்கிறாய்" என்றார். பதில் சொல்லவில்லை.

ஜூலை 23

பெல்லோஸ் வெடிப்பில் வெளியே சிலிக்கோன் பூசலாமா? பூசலாம், பம்ப் இயங்கும் வரை ட்ரெய்லருக்குப் போய்ச் சேரலாம். அதற்குமேல் நம்பாதீர்கள். வளைந்து வளைந்து வேலை செய்யும் ரப்பரில் அது நிற்காது.

மஸ்க்ராட் என்ற நீர் எலி பெல்லோஸைக் கடிக்குமா என்று கேட்டவருக்கு: கடிக்கும். ஒன்ராறியோவில் கட்டிக் கிடக்கும் படகுகள் மூழ்குவதற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் படகு முதல் நாளை விடத் தாழ்ந்து நின்றால், புது பெல்லோஸ்தானே என்று அலட்சியம் வேண்டாம். கடித்த ஓட்டையில் பல் அடையாளம் இருக்கும்.

செப்டெம்பர் 17

கேள்விக்காரர்: ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நூல் இருந்தது, இரண்டு சீலும் மாற்றி ஒயில் நிறம் மாறாமல் நிற்கிறது, பில்ஜ் உலர்ந்தே இருக்கிறது, ஆகவே பெல்லோஸை மறந்துவிடலாமா?

இல்லை. இங்கேதான் அந்தக் கடைக்காரருக்குக் கொஞ்சம் வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் தண்ணீருக்குப் பெல்லோஸ் காரணம் இல்லை, சரி. ஆனால் அதன் வயது உங்களுக்குத் தெரியாது. பழைய படகு, பழைய உடைமையாளர் ரசீது எதுவும் தரவில்லை. டிரைவை முழுக்கத் தூக்கி, மடிப்புகளை விரித்து, பள்ளத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். மேட்டில் வரும் மெல்லிய கீறல் வயதால் வருவது. பள்ளத்தில் வெடிப்பு இருந்தால் அடுத்த கோடைக்கு இறக்காதீர்கள். மடிப்புக்குள் சீப்ரா மஸ்ஸல் என்ற சின்னச் சிப்பியின் ஓடு ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ரப்பரை அறுக்கும்.

தூக்கியபடியே மாதக்கணக்கில் விடவும் கூடாது. ரப்பர் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். நிறுத்தி வைக்கும்போது டிரைவ் கீழே.

அக்டோபர் 9

தாங்க்ஸ்கிவிங் வந்துவிட்டது, படகுகள் மேலே ஏறுகின்றன. ஒயில் மாற்றுவதை வசந்தத்துக்குத் தள்ளாதீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் சனவரியில் உறைந்து ஹவுசிங்கைப் பிளந்துவிடும்.

டிரைவைக் கழற்றுகிறவர்களுக்கு: ஆல்ஃபா என்றால் முதலில் ஃபோர்வேர்ட் கியரில் போடுங்கள், இல்லாவிட்டால் வராது. ஆறு நட்டுகள். பாரமான சாமான், தனியாகத் தூக்க நினைக்காதீர்கள். பிரியும்போது பெல்லோஸுக்குள்ளிருந்து என்ன வருகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் வந்தால் பெல்லோஸோ, டிரைவ் சேரும் முகத்தில் இருக்கும் ஓ-ரிங்கோ. ஒயில் வந்தால் உள்ளே போகும் தண்டின் சீல். கிம்பல் பெயரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள், மணல் கடிப்பது போல இருந்தால் அதையும் மாற்றுங்கள். திரும்பப் போடுவதற்கு முன் அலைன்மென்ட் கம்பியை விட்டுப் பாருங்கள், இரண்டு விரலால் தள்ளப் போக வேண்டும். புது காஸ்கெட், ஸ்ப்ளைனில் (தண்டு நுனியின் பற்களில்) கிரீஸ், நட்டுகள் 50 அடி-பவுண்ட்.

அக்டோபர் 15

கேள்விக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். பெரிய பெல்லோஸில் பள்ளத்தில் ஒன்றும் இல்லை, ரப்பர் இன்னும் மென்மை. கேபிள் பெல்லோஸ் மட்டும் கிளாம்புக்குப் பக்கத்தில் பாதி வெடித்திருக்கிறது. இன்னும் கசியத் தொடங்கவில்லை. பெரியதை எடுக்காமல் சின்னதை மட்டும் மாற்றலாமா என்கிறார்.

டிரைவ் பூட்டும் பெல் ஹவுசிங்கை எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள். பக்கவாட்டுப் பின்களுக்கு அதற்கென்ற அறுகோண சாவி வேண்டும், பூட்டுப் பசை போட்டிருப்பார்கள், சூடு காட்டினால் இளகும். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போன பிறகு மூன்றையும் மாற்றுங்கள், கேபிளையும் சேர்த்து. பசை விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு ரப்பரை ஏற்றுங்கள். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் பெயின்ட் பேனாவால் பின்பலகையின் உட்பக்கம் எழுதிவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் இங்கே வந்து கேட்க மாட்டார்.